ஹோமியோபதி துத்தநாகமும் கருவுற்ற ஆய்வக விலங்குகளின் எலும்பு நலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹோமியோபதி முறையில் தயாரித்த துத்தநாகம் கருவுற்ற விலங்குகளின் எலும்பை வலுப்படுத்தும் என்று நம்பலாமா?

நம்புவதற்குப் போதிய அடிப்படை இல்லை. இந்தப் பொருள் பேசப்படும்போது இரண்டு தனித்தனிச் செய்திகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கருவுற்ற தாய்க்கும் கருவில் வளரும் குட்டிக்கும் துத்தநாகம் இன்றியமையாதது என்பது முதற்செய்தி. அது பல பத்தாண்டு ஆய்வுகளால் உறுதிப்பட்டது. துத்தநாகத்தை மிக நுண்ணிய அளவுக்கு நீர்த்துச் செய்த மருந்தும் அதே நன்மையைத் தரும் என்பது இரண்டாவது செய்தி. முதலாவதற்குள்ள சான்றுகளைக் காட்டி இரண்டாவதை நிறுவ முடியாது. அதற்கென்று தனிச் சான்று வேண்டும். கருவுற்ற பெண்களும் அவர்கள் குடும்பத்தாரும் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இப்பக்கத்தை எழுதியதன் நோக்கம்.

துத்தநாகம் எலும்பில் என்ன வேலை செய்கிறது?

மனித உடலில் ஏறத்தாழ 2 கிராம் துத்தநாகம் இருக்கிறது. அதில் சுமார் 30 விழுக்காடு எலும்பில் தங்கியிருக்கிறது. எலும்பில் கால்சிய உப்பு படிவதற்குத் துணைநிற்கும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதியின் செயல்மையத்தில் துத்தநாக அணுக்கள் அமர்ந்திருக்கின்றன. அவை இல்லாமல் அந்த நொதி வேலை செய்யாது. பழைய எலும்பின் கொலாஜன் என்னும் இழைப் புரதத்தை வெட்டி அகற்றிப் புதிய எலும்புக்கு இடம் உண்டாக்கும் நொதிகளும் துத்தநாகத்தைச் சார்ந்தவையே. எலும்பை உருவாக்கும் செல்கள் முதிர்வதற்குத் தேவையான ஆஸ்டெரிக்ஸ் என்னும் புரதம் மரபணுவைப் பற்றிக்கொள்ளும் பகுதி, துத்தநாகத்தால்தான் தன் வடிவத்தைத் தக்கவைத்துக்கொள்கிறது. இவற்றோடு, செல்கள் பெருகுவதற்கே துத்தநாகம் தேவை என்பதால், வேகமாக வளரும் கருவில் அதன் குறைபாடு முதலில் வெளிப்படும் இடங்களில் எலும்புக்கூடும் ஒன்றாக இருக்கிறது.

கருவுற்ற எலிக்குத் துத்தநாகம் கிடைக்காவிட்டால் என்ன நேரும்?

எலிகளின் வளர்ச்சிக்குத் துத்தநாகம் கட்டாயம் தேவை என்பது 1934-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டது. கருவுற்ற காலத்தில் அதன் தேவை எவ்வளவு கடுமையானது என்பதை 1960-களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் லூசில் ஹர்லி என்னும் ஊட்டச்சத்து ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். துத்தநாகம் ஏறக்குறைய முற்றிலும் நீக்கப்பட்ட உணவை உண்ட தாய் எலிகளின் கருக்களில் பல, கருப்பைக்குள்ளேயே அழிந்து உறிஞ்சப்பட்டன. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை குறைகளோடு இருந்தன: பிளந்த அண்ணம், குறுகிய தாடை, வளைந்த முதுகெலும்பு, ஒட்டிய விரல்கள், விரல்களே இல்லாத பாதங்கள், மூளையிலும் இதயத்திலும் கோளாறுகள்.

இதில் கவனிக்க வேண்டியது வேகம். குறைபாட்டு உணவு தொடங்கிய ஒரு நாளுக்குள்ளேயே தாயின் பிளாஸ்மாவில், அதாவது இரத்தத்தின் திரவப் பகுதியில், துத்தநாக அளவு தெளிவாக இறங்கிவிடுகிறது. எலியின் கருக்காலம் 21 முதல் 23 நாட்கள்தான். உறுப்புகள் உருவாகும் காலம் அதில் ஒன்பது பத்து நாட்களுக்குள் முடிந்துவிடும். அந்தச் சில நாட்கள் மட்டும் துத்தநாகத்தை நிறுத்தி, முன்னும் பின்னும் நிறைவான உணவு கொடுத்தாலும் கருவில் குறை ஏற்படுவதை ஹர்லியின் குழுவினர் கண்டார்கள். அதாவது, தாயின் உடலில் சேமிப்பு இருந்தும் அது உரிய நேரத்தில் குட்டிக்குப் போய்ச் சேரவில்லை.

தாயின் எலும்பில்தான் துத்தநாகம் இருக்கிறதே, அது ஏன் குட்டிக்குக் கிடைப்பதில்லை?

இத்துறையின் மிக அழகான சோதனைகளில் ஒன்று இந்தக் கேள்விக்குத்தான் விடை கண்டது. எலும்பிலுள்ள துத்தநாகம் கனிமப் படிவத்துக்குள் சிறைப்பட்டிருக்கிறது. எலும்பு கரைந்தால்தான் அது வெளிவரும். ஆனால் துத்தநாகம் குறைந்துவிட்டது என்பதற்காக எலும்பு கரைவதில்லை. எலும்பைக் கரைக்கும்படி உடல் ஆணையிடுவது கால்சியம் குறையும்போதுதான்.

1972-இல் ஹர்லியும் தாவோவும் கருவுற்ற எலிகளுக்குத் துத்தநாகம், கால்சியம் இரண்டுமே குறைந்த உணவைக் கொடுத்தார்கள். இரண்டு சத்துகள் குறைந்தால் கேடு இரட்டிப்பாகும் என்றே எவரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது நேர்மாறு. துத்தநாகம் மட்டும் குறைந்த எலிகளைவிட இந்த எலிகளின் கருக்களில் பிறவிக் குறைகள் குறைவாக இருந்தன. கால்சியத்துக்காகத் தாயின் எலும்பு கரைந்தபோது, அதில் அடைபட்டிருந்த துத்தநாகமும் இரத்தத்தில் கலந்து கருவைச் சென்றடைந்தது என்பதே விளக்கம்.

இந்தச் சோதனையை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கருவைக் காத்தது உண்மையிலேயே இடம்பெயர்ந்து சென்ற துத்தநாகம். அதை அளக்க முடிந்தது, எங்கிருந்து வந்தது என்றும் காட்ட முடிந்தது. துத்தநாகத்தின் பெயரால் சொல்லப்படும் எந்த நன்மையையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்பதே முறை.

இத்தகைய ஆய்வுகளுக்கு எலியையும் சுண்டெலியையும் ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்?

கருக்காலம் குறுகியது, ஒரே ஈற்றில் பல குட்டிகள் பிறக்கும், உணவை முழுமையாகக் கட்டுப்படுத்தலாம் என்பவை நடைமுறைக் காரணங்கள். எலும்பைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் இருக்கிறது. எலிக்கருவின் எலும்பில் சேரும் கால்சியத்தின் மிகப் பெரும்பகுதி கருக்காலத்தின் கடைசி ஐந்து நாட்களில் சேர்கிறது. ஆகவே கனிமம் படிவதை மிகக் குறுகிய இடைவெளியில் பின்தொடர முடிகிறது. ஆனால் எலியை அப்படியே மனிதராக எண்ணிவிடக் கூடாது. பாலூட்டும் மூன்று வாரங்களில் ஒரு சுண்டெலி தன் எலும்புக் கனிமத்தில் 20 முதல் 30 விழுக்காட்டை இழந்து, பால் மறந்தபின் மீட்டுக்கொள்கிறது. பாலூட்டும் பெண்ணுக்கு ஆறு மாதத்தில் நேரும் இழப்பு 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே.

ஹோமியோபதி மருந்தில் எவ்வளவு துத்தநாகம் இருக்கும்?

அது வீரியத்தை, அதாவது எத்தனை படி நீர்க்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. துத்தநாகம் நீரில் கரையாத உலோகம் என்பதால் அதைப் பால் சர்க்கரையோடு சேர்த்து நெடுநேரம் அரைத்து, மூன்றாம் படிக்குப் பின் நீரும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தில் சேர்த்துக் குலுக்கி மேலும் மேலும் நீர்க்கிறார்கள். சிங்கம் மெட்டாலிகம் என்ற பெயரில் விற்கப்படுவது இதுதான். 'எக்ஸ்' வரிசையில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு நீர்ப்பு. 'சி' வரிசையில் நூறு மடங்கு.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. 6சி என்பது லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த வீரியத்தில் ஒரு கிராம் மருந்தில் ஒரு பிக்கோகிராம் துத்தநாகம் இருக்கும். கருவுற்ற எலிகளுக்கென 1993-இல் வகுக்கப்பட்ட ஏஐஎன்-93ஜி என்னும் தர உணவில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லிகிராம் துத்தநாகம் உண்டு. நாளொன்றுக்கு 20 கிராம் தின்னும் எலி அதிலிருந்து 0.6 மில்லிகிராம் பெறுகிறது. அதே அளவை 6சி மருந்தால் கொடுக்க வேண்டுமென்றால், ஒரே ஓர் எலி ஒரே நாளில் 600 டன் மருந்தை விழுங்க வேண்டும்.

12சி-யைத் தாண்டினால் நிலைமை வேறு. 65.38 கிராம் துத்தநாகத்தில் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை, 6-க்குப் பின் 23 பூச்சியங்கள் இட்டு எழுதும் எண்ணைவிடச் சற்றே அதிகம். 12சி நீர்ப்பு, அதாவது 1-க்குப் பின் 24 பூச்சியங்கள், அதைவிடப் பெரியது. எனவே அந்தக் கட்டத்தில் மருந்தில் தொடக்கப் பொருளின் ஓர் அணுகூட மிஞ்சாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். பரவலாக விற்கப்படும் 30சி-யில் நீர்ப்பு விகிதம் 1-க்குப் பின் 60 பூச்சியங்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நீர்க்கப் பயன்படும் பால் சர்க்கரையிலும் நீரிலுமே துத்தநாகம் மாசாகக் கலந்திருக்கக்கூடும். அந்த மாசு பத்துக் கோடியில் ஒரு பங்காக இருந்தால்கூட, அது 6சி மருந்தில் வேண்டுமென்று சேர்த்த துத்தநாகத்தைவிடப் பத்தாயிரம் மடங்கு அதிகம்.

அப்படியானால் ஹோமியோபதி என்று எழுதியிருந்தாலே உள்ளே ஒன்றும் இல்லை என்று கொள்ளலாமா?

கூடாது. தாழ்ந்த வீரியங்களில் பொருள் அளக்கக்கூடிய அளவில் இருக்கும். 2எக்ஸ் என்பது நூறில் ஒரு பங்கு. அமெரிக்காவில் ஹோமியோபதி என்ற பெயரில் விற்கப்பட்ட சைகாம் என்னும் மூக்குக் களிம்பில் துத்தநாகம் உண்மையாகவே கணிசமாக இருந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் பலர் முகரும் ஆற்றலை இழந்ததாகப் புகார்கள் வந்ததால், 2009-இல் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதைப் பயன்படுத்த வேண்டாமென்று எச்சரித்தது. ஆகவே ஓர் ஆய்வைப் படிக்கும்போதும் ஒரு புட்டியைக் கையில் எடுக்கும்போதும் முதலில் பார்க்க வேண்டியது வீரிய எண்ணை. 2எக்ஸ் தயாரிப்பில் கண்ட விளைவை 30சி-யின் விளைவாகச் சொல்ல முடியாது.

"ஹோமியோபதி சத்தைக் கொடுப்பதில்லை, உணவிலுள்ள சத்தை உடல் ஏற்கும்படி தூண்டுகிறது" என்கிறார்களே?

இது நேர்மையாக எழுப்பப்படும் மறுப்பு. நேர்மையான விடையும் இதற்குத் தேவை. துத்தநாகத்தை உறிஞ்சும் அளவைக் கூட்டவும் குறைக்கவும் குடலுக்குத் தானாகவே தெரியும். உணவில் அளவு குறைந்தால், குடல் சுவரில் ஸிப்4 என்னும் கடத்திப் புரதம் அதிகரிக்கிறது. ஒரு மருந்து இதற்கு மேலும் தூண்டுகிறது என்றால் அதைச் சோதித்துவிடலாம்: கதிர்வீச்சு இல்லாத துத்தநாக ஐசோடோப்பை உணவில் கலந்து கொடுத்து, எவ்வளவு உடலில் தங்கியது, எவ்வளவு எலும்பைச் சேர்ந்தது என்று அணுக்களை எடையால் பிரித்தறியும் நிறை நிறமாலைமானியால் அளக்கலாம். உணவிலேயே துத்தநாகம் இல்லாதபோது தூண்டுவதற்கு எதுவும் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

சிறு அளவு தூண்டும், பேரளவு தடுக்கும் என்னும் பழைய விதியை இங்கே துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. அந்த விதி பொருந்தும் இடங்களில்கூட, சிறு அளவு என்பது அளக்கக்கூடிய அளவுதான்.

கருவின் எலும்பை ஆய்வகத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்?

பிறப்பதற்கு ஒரு நாள் முன்பு கருக்களை எடுத்து, தோலுரித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைப்பார்கள். தசை மெல்லமெல்ல ஒளிபுகும் தன்மை அடையும். அலிசரின் சிவப்புச் சாயம் கனிமம் படிந்த எலும்பில் ஏறும். ஆல்சியன் நீலச் சாயம் குருத்தெலும்பில் ஏறும். கிளிசரினில் மிதக்கும் அந்தச் சிறு உடலுக்குள் விலா எலும்புகள் செந்நிறத்தில் வரிசையாகவும், அவற்றின் நுனிகள் நீலமாகவும் தெரியும். மார்பெலும்பின் துண்டுகளில் எத்தனை சிவந்திருக்கின்றன, வால் முதுகெலும்புகளில் எத்தனை சிவந்திருக்கின்றன என்று நுண்ணோக்கியின் கீழ் எண்ணுவார்கள். நீலமாகவே நின்றுவிட்ட துண்டு, எலும்பாக்கம் தாமதப்பட்டதைக் காட்டும். துண்டே இல்லாவிட்டால் அது குறை.

தாயின் தொடை எலும்பை நுண் சிடி கருவியில் வைத்து உள் வலைப்பின்னலைப் பார்ப்பது, இரு முனைகளையும் தாங்கி நடுவில் அழுத்தி முறியும் விசையை அளப்பது, சாம்பலாக்கிக் கனிமத்தை எடைபோடுவது ஆகியவை மற்ற முறைகள். இவற்றுள் ஒன்று மட்டும் மாறி மற்றவை மாறாதிருந்தால் அந்த மாற்றத்தை நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

ஹோமியோபதி துத்தநாகம் பலன் தந்தது என்று ஒரு விலங்காய்வு சொன்னால், அதில் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

முதலில் சுற்றுப்புறத்திலிருந்து வரும் துத்தநாகம். கூண்டின் கம்பியில் துத்தநாக முலாம் பூசப்பட்டிருந்தால் எலி அதை நக்கியும் கடித்தும் துத்தநாகம் பெற்றுவிடும். தண்ணீர்ப் புட்டியின் ரப்பர் மூடியில்கூடத் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது; ரப்பரைப் பதப்படுத்தும்போது சேர்க்கப்படுவது அது. இதனால்தான் குறைபாட்டு ஆய்வு செய்பவர்கள் துருப்பிடிக்காத எஃகு அல்லது பிளாஸ்டிக் கூண்டுகளையும், அயனி நீக்கிய நீரையும் பயன்படுத்துகிறார்கள். 6சி மருந்தை ஆராயும் ஒருவர் இவற்றைக் கவனிக்காமல் விட்டால், ஒரு ரப்பர் மூடி அவருடைய மருந்தைவிடப் பல கோடி மடங்கு துத்தநாகத்தைக் கொடுத்திருக்கும்.

அடுத்தது பசி. துத்தநாகம் குறைந்த எலி சில நாட்களுக்குள் உணவைப் பாதியாகக் குறைத்துவிடும். உண்ணும் அளவு மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். அப்படியென்றால் எலும்பு மெலிந்தது துத்தநாகக் குறைவாலா, பட்டினியாலா? இதைப் பிரித்தறிய, குறைபாட்டு எலி உண்ட அதே எடை உணவை, துத்தநாகம் சேர்த்து இன்னொரு குழுவுக்குக் கொடுப்பார்கள். இந்த இணைக்குழு இல்லாத ஆய்வின் முடிவை ஏற்பது கடினம்.

மூன்றாவதாகக் கணக்கிடும் அலகு. மருந்து கொடுக்கப்பட்டது தாய்க்கு. எனவே ஒரு தாயின் ஈற்று முழுவதும் ஓர் அலகாகும். ஐந்து தாய்களின் அறுபது குட்டிகளை அறுபது தனி விலங்குகளாக எண்ணினால், இல்லாத வேறுபாடும் இருப்பதுபோல் புள்ளியியலில் தோன்றிவிடும். கருவளர்ச்சி நச்சியல் சோதனைக்காகப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (ஓஇசிடி) வகுத்த 414-ஆம் வழிகாட்டுதல், ஒரு குழுவுக்குக் கருவுற்ற ஏறத்தாழ 20 பெண் விலங்குகள் வேண்டுமென்கிறது. நான்கைந்து தாய்களை மட்டும் வைத்துச் சொல்லப்படும் உறுதியான முடிவுகளை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒப்பீட்டு மருந்தும் அதே முறையில் அரைத்துக் குலுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். துத்தநாகம் மட்டுமே அதில் இல்லாதிருக்க வேண்டும். எந்தப் புட்டி எது என்பது, மருந்து கொடுப்பவருக்கும் எலும்பை எண்ணுபவருக்கும் தெரியாதிருக்க வேண்டும்.

விலங்குகளுக்கு நம்பிக்கையும் எதிர்பார்ப்பும் இல்லையே, பிறகு எதற்கு மறைப்பு?

எலிக்கு இல்லாமல் இருக்கலாம். அதைக் கையாளும் மனிதருக்கு உண்டு. எது மருந்துக் குழு என்று தெரிந்தவர், அரைகுறையாகச் சிவந்த எலும்புத் துண்டை ஒரு குழுவில் சிவப்பென்றும் மற்றொன்றில் நீலமென்றும் தன்னையறியாமலே பதிவு செய்துவிடுவார். இதற்கு வரலாற்றில் பெரும் சான்று உண்டு. 1988-இல் பிரான்சின் நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் ஜாக் பென்வனிஸ்த், மூலக்கூறுகள் மிஞ்சாத அளவுக்கு நீர்த்த எதிர்ப்புரதமும் செல்களைத் தூண்டுகிறது என்று நேச்சர் என்னும் அறிவியல் இதழில் வெளியிட்டார். இதழின் ஆசிரியர் ஜான் மேடாக்ஸ் ஒரு குழுவோடு அந்த ஆய்வகத்துக்கே சென்றார். குழாய்களுக்குக் குறியீடு இட்டு, எது எது என்று எண்ணுபவர்களுக்குத் தெரியாதபடி செய்ததும் விளைவு மறைந்துவிட்டது.

இந்த விலங்குகளைப் பலியிட்டு இதை ஆராய்வது தகுமா?

1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கிலேய அறிவியலாளர்கள் வகுத்த மூன்று நெறிகள் இன்றும் வழிகாட்டுகின்றன: இயன்றவரை விலங்குக்கு மாற்றுத் தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. எந்த விளைவையும் எதிர்பார்க்கக் காரணமில்லாத ஒரு நீர்ப்பைச் சோதிப்பதற்காகக் கருவுற்ற விலங்குகளைக் கொல்ல அனுமதி கேட்பவர், மிக வலுவான நியாயத்தை முன்வைக்க வேண்டும் என்பது என் கருத்து. மோசமாகத் திட்டமிட்ட ஆய்வு அறிவையும் வளர்ப்பதில்லை. அதில் போன உயிர்களுக்கு எந்த ஈடும் இல்லை.

மனிதர்களில் துத்தநாகக் குறைபாடு கருவைப் பாதித்ததற்குச் சான்று உண்டா?

உண்டு. அக்ரோடெர்மட்டைடிஸ் என்டரோபதிகா என்னும் அரிய பரம்பரை நோயில், முன்னர் சொன்ன ஸிப்4 கடத்தி பழுதுபட்டிருப்பதால் குடல் துத்தநாகத்தைச் சரியாக உறிஞ்சுவதில்லை. 1970-களில் துத்தநாகச் சிகிச்சை அறியப்படுவதற்கு முன் இந்நோயுள்ள பெண்களுக்கு உண்டான கருக்களில் கருச்சிதைவும் பிறவிக் குறைகளும் பதிவாகியுள்ளன. அளக்கக்கூடிய அளவில் துத்தநாகம் கொடுக்கத் தொடங்கியபின் இந்நோயாளிகளின் நிலை வியக்கத்தக்க வகையில் மாறியது.

அப்படியென்றால் கருவுற்ற பெண்கள் துத்தநாக மாத்திரையைத் தாமாகவே வாங்கி உண்ணலாமா?

வேண்டாம். அமெரிக்கப் பரிந்துரைப்படி கருவுற்ற பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவை 11 மில்லிகிராம். மேல்வரம்பு 40 மில்லிகிராம். துத்தநாகம் மிகுந்தால் குடல் செல்களில் மெட்டலோதயோனின் என்னும் புரதம் பெருகி, தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தாமிரம் குறைந்தால் கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் நொதி தளர்ந்துவிடும். எலும்புக்கு நன்மை நாடிச் செய்தது எலும்பையே பலவீனப்படுத்தும். கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் துத்தநாகத்தைத் தனியே கொடுப்பதை ஆய்வுச் சூழலில் மட்டுமே மேற்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட பேறுகால வழிகாட்டுதலில் கூறியது. குறைபாடு இருக்கிறதா என்பதையும் எவ்வளவு தேவை என்பதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கருவுற்ற நிலையில் ஏற்கெனவே ஹோமியோபதி துத்தநாகம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். என்ன செய்வது?

அச்சப்பட வேண்டாம். புட்டியில் 30சி போன்ற உயர் வீரியம் எழுதியிருந்தால் அதிலுள்ள துத்தநாகத்தால் தீங்கு வர வழியில்லை. அதே காரணத்தால் எலும்புக்கு அதிலிருந்து எதுவும் கிடைத்திருக்கவும் வழியில்லை. எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று 2015-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார மற்றும் மருத்துவ ஆய்வுக் குழு தன் மதிப்பீட்டில் கூறியிருக்கிறது. 1எக்ஸ், 2எக்ஸ், 3எக்ஸ் போன்ற தாழ் வீரியமாக இருந்தால் புட்டியோடு மகப்பேறு மருத்துவரைச் சென்று பாருங்கள். நீங்கள் உண்ணும் மற்ற மாத்திரைகளில் உள்ள துத்தநாகத்தோடு அதையும் கூட்டிக் கணக்கிட வேண்டியிருக்கும். எந்த வீரியமாக இருந்தாலும், மருத்துவர் எழுதிக் கொடுத்த இரும்பு, ஃபோலிக் அமிலம், கால்சியம் மாத்திரைகளை அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.